அவர் குடியை விட்டபிறகும் நாம் விடாத பழக்கங்கள்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பள நாள். என் வீட்டுக்காரர் குடியை நிறுத்தி ஒரு வருஷம் தாண்டியும் அந்தச் சாயந்தரம் வந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய், டிபன் கேரியரை வாங்குகிற சாக்கில் அவர் மூச்சை மோந்து பார்ப்பேன். ஒருநாள், "அம்மணி, கேட்டா ஊதிக் காட்ட மாட்டனா?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் ரொம்ப வலித்தது.

அவர் முகத்தைப் பார்த்துத்தான் நம் நாள் நல்லதா கெட்டதா என்று முடிவாகிறது, நமக்குப் பசித்ததா தூக்கம் வந்ததா என்பதே மறந்துபோகிறது. இதைத்தான் கவுன்சிலர்கள் கோடிபெண்டன்ஸி என்கிறார்கள். டாக்டர் சீட்டில் எழுதும் வியாதிப் பெயர் இல்லை, ஆனாலும் குடி இருந்த வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொன்னவுடனே புரியும்.

குடிக்கிற காலத்தில் செய்வது மூடி மறைப்பது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று எத்தனை திங்கட்கிழமை சொல்லியிருப்பேன்! கைமாத்து வாங்கி அவர் கடனையும் அடைத்தேன். குடியால் வரும் நஷ்டம் அவர்மேல் விழாமல் நானே தாங்கிக்கொண்டால் அவர் எதற்காக நிறுத்துவார்?

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்காதீர்கள். குடியை விடுவதற்குக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை, மது உடம்பில் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு உடையவிடாமல் தடுக்கும். அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். தினமும் அதிகமாகக் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்த வைப்பதும் இதே அளவுக்கு ஆபத்து. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, அப்புறம் புத்தி தடுமாற்றம் என்று வரலாம், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சரி, நிறுத்திவிட்டார். இங்கேதான் நாம் அதிகம் சறுக்குகிறோம். சீட்டு, கரண்ட் பில், பையன் ஸ்கூல் பீஸ் எல்லாம் பல வருஷம் நான் தனியாகப் பார்த்தது. "பீஸை நான் கட்டிட்டு வர்றேன்" என்று அவர் கேட்டபோது ஏடிஎம் கார்டைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. முதல் மாதங்களில் கையில் காசு இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவரே சொல்லி, நாம் வாங்கி வைத்துக்கொள்வது வேறு. அவர் தயாரான பிறகும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது, இந்த வீட்டில் நீ இன்னும் குடிகாரன்தான் என்று தினமும் சொல்வது மாதிரி. அதைவிட மோசம், பிள்ளையை வேவு பார்க்க அனுப்புவது. "அப்பா கடைவீதியில யார்கூடப் பேசினாரு?" என்று நான் கேட்டபோது என் பையன் தலையைக் குனிந்துகொண்டே நின்றதை மறக்க முடியவில்லை.

பொறாமையும் வரும். இத்தனை வருஷம் நான் அழுதும் கேட்காதவர், முன்பின் தெரியாத ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்பவர்களின் அமைப்பு) கூட்டத்து ஆட்கள் சொன்னால் கேட்கிறாரே என்று. ஏஏ 1935-ல் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், கூட்டத்துக்குக் கிளம்பு என்று அவர் அவசரப்படுத்தியபோது செருப்பை எடுத்து அவர்மேல் வீசியிருக்கிறார். நமக்கு வருகிற அதே ஆத்திரம்! அந்த லோயிஸும் சேர்ந்துதான் 1951-ல் குடும்பத்தாருக்காக அல்-அனானைத் தொடங்கினார். உங்கள் பக்கத்தில் அந்தக் கூட்டம் நடந்தால் அவருக்காக இல்லை, உங்களுக்காகப் போங்கள். இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்து பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அடி உதை இருந்தால் பொறுத்துப் பார்க்கவே வேண்டாம், பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரை கூடுகிற இடத்தில் பாட்டில் திறப்பார்கள். போன வருஷம்வரை நானே அவரை அனுப்பாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் "போகலாமுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமி கும்பிட்டுட்டு உடனே வந்தரலாம்" என்றார். அப்படியே வந்தோம். வரும் வழியில் நான் அவர் மூச்சை மோந்து பார்க்கவில்லை.