குவில்ட் தைப்பவர்களுக்கான அகல இஸ்திரிப் பலகை: செய்முறையும் பயன்படுத்தும் முறையும்

சாதாரண இஸ்திரிப் பலகை சட்டைக்கும் பேண்ட்டுக்கும் ஏற்றபடி செய்யப்பட்டது. சட்டைத் தோளை மாட்டித் தேய்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அதன் ஒரு முனை கூம்பியிருக்கிறது. அகலமும் பெரும்பாலும் 18 அங்குலத்தைத் தாண்டாது. குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும் பருத்தித் துணியோ 42 முதல் 44 அங்குல அகலம். இரண்டாக மடித்தாலே 22 அங்குலம் வந்துவிடும். பலகையை விட்டு வெளியே தொங்கும் பகுதி மீதியையும் தன் எடையால் இழுக்கும். அதனால் தேய்க்கத் தேய்க்க மடிப்பு நகர்ந்துகொண்டே போகும்.

24 அங்குல அகலம், 60 அங்குல நீளம், நான்கு மூலையும் சதுரம்: இந்த அளவு பெரும்பாலான வேலைக்குப் போதும். 30 அங்குலத்துக்கு மேல் அகலம் வைத்தால் எதிர் ஓரத்தை எட்டக் குனிய வேண்டியிருக்கும். ஆனால் அளவைவிட முக்கியம் பலகையின் இறுக்கம். எவ்வளவு பெரிய பலகையானாலும் மேற்பரப்பு மெத்தென்று இருந்தால் பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்) கோணலாகத்தான் வரும்.

பலகை

12 மி.மீ. ப்ளைவுட் போதும். இந்த அளவில் அது 6 முதல் 7 கிலோ வரை இருக்கும். 18 மி.மீ. எடுத்தால் 10 கிலோவை நெருங்கிவிடும். இஸ்திரி ஸ்டாண்டின் மேல் வைக்க அது ஆகாது. எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை), பார்ட்டிகிள் போர்டு (மரத்தூள் பலகை) இரண்டும் வேண்டாம். நீராவி இறங்க இறங்க அவை ஊதிப்போகும், ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. வாங்கும்போதே நீள ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பலகையைப் பின்னால் நிமிர்த்த முடியாது.

ஓரங்களையும் மூலைகளையும் உப்புத்தாளால் தேய்த்துக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் முதலில் கிழிவது மூலையில் இருக்கும் உறைதான். மேற்புறத்துக்கு வார்னிஷ் அடிக்கக் கூடாது. சூட்டில் அது இளகி மேலே உள்ள பஞ்சில் ஒட்டிக்கொள்ளும்.

பஞ்சும் உறையும்

நூறு சதவீதப் பருத்தி பேட்டிங் (குவில்ட்டுக்குள் வைக்கும் பஞ்சு விரிப்பு) இரண்டு அடுக்கு போடுங்கள். லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம். 80/20 என்று விற்பதில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு பாலியெஸ்டர் இருக்கும். 'பருத்தி' என்று போட்டிருக்கும் சிலவற்றிலும் பஞ்சைப் பிடித்து வைக்க மெல்லிய செயற்கை வலை உள்ளே இருக்கும். பருத்திக்கான சூட்டில் இவை இளகிக் கட்டி கட்டியாகிவிடும். பேட்டிங்குக்குப் பதில் பழைய கம்பளிப் போர்வையும் நன்றாக உழைக்கும், அதுவும் கலப்படமில்லாத கம்பளியாக இருந்தால்.

கட்டை விரலால் அழுத்தினால் உடனே கீழே பலகை தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான கனம். ஸ்பாஞ்ச் போட்டால் இஸ்திரிப் பெட்டியின் எடைக்குத் துணி உள்ளே அமுங்கும், பிளாக்கின் ஓரங்கள் இழுபட்டு அலை அலையாகும். பஞ்சே இல்லாமல் வெறும் பலகையில் தேய்த்தால் பின்பக்கத் தையல் பிடிப்பு (தையலுக்கு வெளியே விடும் ஓரத் துணி) முன்பக்கத்தில் பளபளப்பான கோடாகப் பதிந்துவிடும்.

முதல் அடுக்கைப் பலகையின் அளவுக்கே வெட்டுங்கள். இரண்டாவதை நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரத்தைச் சுற்றி அடிப்புறம் மடித்து ஸ்டேப்பிள் அடியுங்கள். உறைக்குக் கனமான காடாத் துணி அல்லது வெள்ளை கேன்வாஸ், 32-க்கு 68 அங்குலம். முதலில் வெந்நீரில் அலசிக் காயவைத்துத் தேய்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீராவி பட்டுச் சுருங்கி ஸ்டேப்பிளைப் பிடுங்கும். அடர் நிறத் துணி வேண்டாம். ஈரச் சூட்டில் சாயம் மேலே உள்ள வெள்ளைத் துணிக்கு ஏறும்.

வெள்ளி பூசிய உறையைப் பலர் விரும்புகிறார்கள். அது சூட்டைத் திருப்பி அனுப்புவது உண்மைதான், ஆனால் ஈரத்தையும் கீழே இறங்கவிடாது. துணி ஈரமாகவே கிடக்கும், ஈரத் துணியைக் கையில் எடுத்தாலே நீளும்.

ஸ்டேப்பிளை ஒரு மூலையிலிருந்து தொடங்கிச் சுற்றி வரக் கூடாது. நீளப் பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்க நடுவில் இழுத்து ஒன்று, பிறகு இரண்டு அகலப் பக்கங்களிலும் அப்படியே. அங்கிருந்து மூலைகளை நோக்கி 2 அங்குலத்துக்கு ஒன்றாக எதிரெதிரே அடித்துக்கொண்டு போங்கள். மூலை மடிப்பு கடைசி. 8 மி.மீ. கால் உள்ள ஸ்டேப்பிள் போதும். உறையைப் பஞ்சோடு சேர்த்து அடிக்காமல், அதற்கு வெளியே தனி வரிசையாக அடித்தால் பின்னாளில் உறையை மட்டும் கழற்றி மாற்றலாம்.

எங்கே வைப்பது

பழைய இஸ்திரி ஸ்டாண்டின் மேல் வைப்பதானால் அடிப்புறத்தில் இரண்டு ரீப்பர் கட்டை வேண்டும்: ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம், 30 அங்குல நீளம். பலகையைக் கவிழ்த்து, அதன் மேல் ஸ்டாண்டையும் கவிழ்த்து நடுவில் வைத்து, அதன் நேர் ஓரங்களை ஒட்டிக் கோடு போடுங்கள். கூம்பும் பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி விட்டு ரீப்பரைத் திருகுங்கள். 12 மி.மீ. பலகையும் 25 மி.மீ. ரீப்பரும் சேர்ந்து 37 மி.மீ.; திருகாணி 32 மி.மீ.க்கு மேல் போனால் முனை மேலே எட்டிப் பார்க்கும். பலகை நீளவாக்கில் நழுவாமலிருக்க, அகலமான முனையை ஒட்டிக் குறுக்காக ஒரு சின்னக் கட்டையையும் வையுங்கள்.

கூம்பிய முனைக்கு மேல் தொங்கும் பகுதிக்குக் கீழே தாங்கல் இல்லை. இஸ்திரிப் பெட்டியை அங்கே நிறுத்தி வைப்பதும், அந்தப் பக்கம் கையூன்றுவதும் பலகையைக் கவிழ்த்துவிடும்.

மேசைமேல் வைத்தால் ரீப்பர் தேவையில்லை. அடியில் அரை அங்குலத் துண்டுக் கட்டைகளைக் கொடுத்துக் காற்று போக வழி விடுங்கள். நேரே வைத்தால் நீராவி அடியில் தங்கி மேசையின் பாலிஷ் வெளுத்துப்போகும்.

தேய்க்கும்போது

புதுத் துணியைப் பாவு நூலின் போக்கிலேயே, அதாவது கரைக்கு இணையாகத் தேயுங்கள். ஊடையின் போக்கில் துணி அதிகம் நீளும், கிராஸில், அதாவது மூலைவாட்டில், அதைவிட அதிகம். பிளாக்குக்கு வந்துவிட்டால் தள்ளித் தேய்க்கவே கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். தைத்த நிலையிலேயே தையலின் மேல் ஒருமுறை அழுத்திவிட்டு, பிறகு விரித்துப் பிடிப்பை அடர் நிறத் துணியின் பக்கம் சாயுங்கள். சூடு ஆறும்வரை அதை எடுக்க வேண்டாம்.

அகலப் பலகையின் முழுப் பயனும் தெரிவது நீளப் பட்டைகளைச் சேர்த்துத் தைக்கும்போதுதான். குறுகிய பலகையில் அவற்றைப் பகுதி பகுதியாக நகர்த்தித் தேய்த்தால் வாழைப்பழம் போல வளைந்துவிடும். இதற்காகவே, உறையைப் பொருத்துவதற்கு முன் அதில் நீளவாக்கில் நேராக ஒரு தையல் ஓட்டி வைப்பது நல்லது. பட்டையை அந்தக் கோட்டோடு ஒட்டி வைத்து அழுத்தலாம். பருத்தி நூலே போடுங்கள். மையால் கோடு போடுவது வீண் வேலை. சூட்டில் மறையும் பேனா முதல் தேய்ப்பிலேயே காணாமல் போகும்; நீரில் அழியும் நீல மையோ சூடு பட்டதும் நிரந்தரக் கறையாகிவிடும்.

பிளாக்குகளை இணைத்துத் தைத்து முடித்த குவில்ட்டின் மேல் அடுக்கு முழுவதையும் முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் அழுத்துங்கள். தொங்கும் பகுதியைத் தாங்க அருகில் ஒரு நாற்காலி போடுங்கள். உள்ளே பாலியெஸ்டர் பேட்டிங் வைத்துவிட்ட பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

கஞ்சி தெளித்தால் அது துணிக்குள் ஊறும்வரை பொறுங்கள். உடனே சூடு வைத்தால் வெள்ளைச் செதில்களாக உதிரும், உறையில் படிந்த கஞ்சி பழுப்பேறி அடுத்த துணியில் ஒட்டும். கஞ்சி போடும் நாளில் பலகையின் மேல் ஒரு தனி காடாத் துணியை விரித்துக்கொண்டால் அதை மட்டும் துவைத்துவிடலாம். சூடு பட்டால் துணியோடு ஒட்டும் பசைத்தாள் வேலைக்கு இந்தக் காடாத் துணி போதாது, பசை ஊடுருவும். ஒட்டாத சிலிகான் தாளோ பேக்கிங் பேப்பரோ மேலும் கீழும் வையுங்கள்.

வேலை முடிந்ததும் பலகையை ஈரத்தோடு மூடி வைக்காமல் சுவரோரம் நிறுத்தி உலரவிடுங்கள். உறையை மாற்றும் சமயத்தில் பஞ்சையும் தடவிப் பாருங்கள். வழக்கமாக நின்று தேய்க்கும் இடத்தில் குழி விழுந்திருந்தால், மேலே புது அடுக்கு சேர்க்காமல் பழையதை எடுத்துவிட்டு இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.