குரலைச் சுருக்கினால் மட்டும் அணில் பாடாது

நிமிடத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுச் சிரித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு அரை நிமிடம்கூடத் தாங்காது. ராஸ் பாக்டசாரியன் என்ற அமெரிக்கப் பாடலாசிரியர் ஏறக்குறைய அதே வித்தையை வைத்து 1958-ஆம் ஆண்டில் இரண்டு முறை அந்நாட்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தார். ஆல்வின், சைமன், தியடோர் என்ற மூன்று பாடும் சிப்மங்க்குகள் அவருடைய படைப்பு (நம் அணிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). இன்று கைபேசியில் பாடும் கார்ட்டூன்களைச் செய்பவர்கள் அவரிடமிருந்து கீச்சுக்குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குரலையும் தவறாகத்தான் எடுக்கிறார்கள்.

வழக்கமான வேகத்தில் பாடிவிட்டு அப்படியே முடுக்குவது முதல் தவறு. சொல் சிதையும், தாளமும் தலைதெறிக்க ஓடும். பாக்டசாரியன் ஒலிப்பதிவு நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திப் பாடினார். அதை இயல்பான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது குரல் சரியாக ஒரு ஸ்தாயி ஏறியது, தாளமும் இசையோடு பொருந்தியது. மூன்று குரல்களையும் அவரே பாடி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். இப்படிப் பதிவு செய்யும்போது கமகத்தை அடக்கி வாசிக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் குரலின் அசைவும் இரட்டிக்கும். உருக்கமாகப் பாடியது குளிரில் நடுங்குவதுபோல் கேட்கும். இன்றைய மென்பொருள்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில மென்பொருள்கள் குரலின் இயல்பைக் காப்பாற்றிக்கொண்டு சுருதியை மட்டும் உயர்த்தித் தரும். அப்போது உச்சஸ்தாயியில் பாடும் பெரிய மனிதர்தான் கிடைப்பார். சின்ன உயிரின் சின்னத் தொண்டை வேண்டுமானால் எல்லாமே சேர்ந்து ஏற வேண்டும்.

ஆனால் வித்தையே பாத்திரம் என்று நம்புவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. 1958-இன் முதல் வெற்றியான 'விட்ச் டாக்டர்' பாட்டில் கீச்சுக்குரல் இருந்தது. அதற்கு ஒரு முகம் இல்லை. அதே பாணியில் அடுத்து வந்த பாட்டு அந்த அளவுக்கு எடுபடவில்லை. ஆண்டின் இறுதியில் வந்த கிறிஸ்துமஸ் பாட்டில்தான் அந்தக் குரலுக்குப் பெயரும் குணமும் பிறந்தன. ஆல்வின் தன் முறை வந்தும் கவனிக்காமல் நிற்கிறான். மூவரையும் பாடவைக்கும் டேவ் பொறுத்துப் பார்த்து, பிறகு கத்துகிறார். டேவ் வேறு யாருமில்லை. டேவிட் செவில் என்ற புனைபெயரில் பாக்டசாரியனேதான். கேட்பவர் சிரிப்பது கீச்சொலிக்காக மட்டுமல்ல, அந்த மனிதரின் பொறுமை கரைவதைக் கேட்டும்தான். அடுத்த ஆண்டே 'நட்டி ஸ்குவிரல்ஸ்' என்ற பெயரில் வேறு இருவர் முடுக்கிய குரலோடு வந்து ஒரு பாட்டை வெற்றியாக்கினார்கள். வித்தையை யாரும் எடுத்துக்கொள்ளலாம்; கோபப்படும் டேவை அப்படி எடுக்க முடியாது.

ஒரே இரவில் அடித்த யோகம் என்று இதைச் சொல்வதும் பிழை. பாக்டசாரியன் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ஆர்மீனியக் குடும்பத்தில் 1919-இல் பிறந்தவர். எழுத்தாளர் வில்லியம் சரோயன் உறவினர். இருவரும் 1939-இல் எழுதிய 'கம் ஆன்-எ மை ஹவுஸ்' பாட்டை 1951-இல் ரோஸ்மேரி க்ளூனி பாடிய பிறகுதான் நாடே முணுமுணுத்தது. நடுவில் போர், திராட்சை விவசாயத்தில் கையைச் சுட்டுக்கொண்டது, சில்லறை வேடங்கள். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் எதிர்வீட்டில் பியானோவோடு மல்லுக்கட்டும் இசையமைப்பாளர் இவர்தான். கையிருப்பைத் துடைத்து ஏறக்குறைய 200 டாலருக்கு ஒலிப்பதிவுக் கருவி வாங்கியபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

பருவத்து மோகங்களைப் பாட்டில் சேர்க்காதீர்கள், பழசாகிவிடும் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டில் ஆல்வின் கேட்பது இடுப்பில் சுழற்றும் ஹூலா ஹூப் வளையம். 1958-இன் பைத்தியம் அது. வளையத்தின் மோகம் தணிந்துவிட்டது. பண்டிகைக்கு முன் பொம்மை கேட்டு நச்சரிக்கும் பிள்ளை இன்னும் அப்படியேதான் இருக்கிறான்.

உருவத்தை வரைந்து முடித்துவிட்டுக் குரலைத் தேடுபவர்களும் உண்டு. அவசரமே வேண்டாம். கிறிஸ்துமஸ் பாட்டு மூன்று கிராமி விருதுகளை வாங்கிய பிறகும் இசைத்தட்டு உறைகளில் இருந்தவை காட்டில் திரியும் நிஜ சிப்மங்க் போன்ற படங்கள்தான். இப்போது நமக்குத் தெரிந்த கார்ட்டூன் முகங்களின் மூலவடிவம் 1961-இல் தொலைக்காட்சித் தொடருக்காக வரையப்பட்டது. மூன்று பெயர்கள் மட்டும் தொடக்கத்திலிருந்தே மாறவில்லை: பாட்டை வெளியிட்ட லிபர்ட்டி இசைத்தட்டு நிறுவனத்தின் மேலாளர்களான ஆல் பென்னட், சைமன் வாரோன்கர், ஒலிப்பதிவாளர் டெட் கீப் ஆகியோரிடமிருந்து எடுத்தவை. மேலதிகாரியின் பெயரைக் கொறிக்கும் பிராணிக்கு வைக்க நினைப்பவர்கள், பாட்டு விற்கும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.