ஓஜிப்வே மக்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றித் தமிழில் வரும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் படம் ஒன்றுதான். தலை நிறைய கழுகு இறகு, குதிரை, காட்டெருமைக் கூட்டம், கூம்புக் கூடாரம். எந்த மக்களைப் பற்றிய கட்டுரை என்று தேடினால் பெயரே இருக்காது, ‘செவ்விந்தியர்’ என்று மொட்டையாகப் போட்டிருப்பார்கள். அந்தப் படம் லகோட்டா போன்ற சமவெளி மக்களுடையது, அதுவும் ஹாலிவுட் வழியாக நமக்கு வந்தது. அதை எடுத்து ஓஜிப்வே மக்கள் மேல் போர்த்துவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ஓஜிப்வேக்கள் ஏரியும் காடுமாக வாழ்ந்தவர்கள். சுப்பீரியர் ஏரியைச் சுற்றிய நிலம் அவர்களுடையது. அமெரிக்கப் பக்கம் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, வடக்கு டகோட்டா வரையிலும், கனடாவில் ஒன்டாரியோ, மனிடோபா, அதற்கும் மேற்கிலும் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்க அரசு ஆவணங்களில் ‘சிப்பெவா’ என்று வருவதும் இவர்கள்தான். இது தெரியாமல் சிப்பெவா ஓர் இனம், ஓஜிப்வே இன்னோர் இனம் என்று தனித்தனிப் பத்தி எழுதியவர்கள் உண்டு. தங்களுக்குள் ‘அனிஷினாபே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் ஒடாவா, பொட்டாவாட்டமி மக்களுக்கும் பொது. இந்த மூவரின் பழைய கூட்டணிக்கு ‘மூன்று நெருப்புகள்’ என்று பெயர்.

வீட்டை வரையும்போது கவனம் தேவை. ஓஜிப்வேக்களின் வழக்கமான வீடு விக்வாம். இளமரக் கம்புகளை மண்ணில் ஊன்றி, வளைத்துக் கட்டி, மேலே பிர்ச் மரப்பட்டைச் சுருள்களையும் கோரைப் பாய்களையும் போர்த்திய குவிமாட வீடு அது. இடம் மாறும்போது கம்புச் சட்டத்தை அங்கேயே விட்டுவிடுவார்கள், பட்டையையும் பாயையும் மட்டும் சுருட்டி எடுத்துப் போவார்கள். பட்டை போர்த்திய கூம்பு வீடுகளும் அவர்களிடம் இருந்தன. அதனால் கூம்பைக் கண்டதுமே ‘இது தப்பு’ என்று பாய்வதும் சரியில்லை. அதேபோல மேற்கே சமவெளிக்கு நகர்ந்து காட்டெருமை வேட்டைக்குப் போன ஓஜிப்வேக்களும் உண்டு. வடக்கு டகோட்டாவின் டர்டில் மவுன்டன் மக்களின் வரலாறு அப்படிப்பட்டது. எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லாமல் எழுதினால் எதை எழுதினாலும் பாதி தப்பாகத்தான் முடியும்.

ஓவியர்களுக்கு இன்னொன்று. பிர்ச் பட்டைப் படகை வரையும்போது வெள்ளைப் பட்டையை வெளிப்பக்கம் காட்டுகிறார்கள். உண்மையில் அந்த வெள்ளைப் பக்கம் படகுக்கு உள்ளே போகும். மரத்தை ஒட்டியிருந்த பழுப்புநிற உட்பக்கம்தான் தண்ணீரைத் தொடும். உள்ளே சிடார் மரச் சட்டங்கள், தைப்பதற்கு ஸ்ப்ரூஸ் வேர், மூட்டுகளை அடைக்க மரப்பிசின். இதில் ஆணிக்கு வேலையே இல்லை.

முகம் முகமாகச் செதுக்கிய டோட்டம் கம்பத்தை ஓஜிப்வே கிராமத்தின் நடுவே நட்டுவிடாதீர்கள். அது பசிபிக் கரையில் வாழும் ஹைடா, டிலிங்கிட் போன்ற மக்களுடையது. ஓஜிப்வேக்களிடம் இருப்பது கம்பம் அல்ல, தந்தை வழியாக வரும் குலம். நாரை, லூன் என்ற நீர்ப்பறவை, கரடி, கீரி போன்ற மார்ட்டன், மீன் எனக் குலங்களுக்கு விலங்குகளின் பெயர். நாரையும் லூனும் தலைமைக்கு உரிய குலங்கள் என்பார்கள். ஒரே குலத்துக்குள் திருமணம் கிடையாது. இதைத் தமிழில் விளக்கும்போது ‘சாதி’ என்று போடும் ஆசை வரும், வேண்டாம். அங்கே குலம் என்பது தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ளும் கூட்டம் இல்லை, வெளியே மணம் முடிக்க வைக்கும் ஏற்பாடு. அந்த விதியில் நம் கோத்திரம் ஓரளவு பக்கத்தில் வரும்.

அரிசியில் நடக்கும் தவறு

ஓஜிப்வே வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் எழுத இடம் இருந்தால் நான் மனோமினைத்தான் எழுதுவேன். ஆங்கிலத்தில் வைல்ட் ரைஸ். முன்னோர் அட்லான்டிக் கரைப் பக்கமிருந்து சோழி ஒன்றின் வழிகாட்டலில் மேற்கே வந்தார்கள், தண்ணீர்மேல் உணவு விளையும் இடம் வரை போகச் சொல்லி அவர்களுக்கு வாக்கு இருந்தது என்பது அவர்களின் இடப்பெயர்வு வரலாறு. அந்த உணவு மனோமின். சுப்பீரியர் ஏரியின் தென்கரையை ஒட்டிய மேடலின் தீவு அந்தப் பயணத்தின் முக்கியமான இடம்.

இதை ‘காட்டு நெல்’ என்று மொழிபெயர்த்துவிட்டு நம் வயல் நெல்லை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவதுதான் சிக்கல். மனோமின் நம் நெல்லுக்குத் தூரத்து உறவு, பேரினமே வேறு. யாரும் நாற்று நடுவதில்லை. ஆழம் குறைந்த, மெல்ல ஓடும் ஏரித் தண்ணீரில், முந்தைய ஆண்டு உதிர்ந்த மணிகளிலிருந்து தானாக முளைக்கும். ‘தானாக வளர்வதைப் பறித்துத் தின்றார்கள், அவர்களுக்கு என்ன வேலை’ என்ற தொனியும் பல கட்டுரைகளில் எட்டிப்பார்க்கும். அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை அறுவடை. அறுவடை என்கிறோமே தவிர அரிவாள் கிடையாது. படகில் இரண்டு பேர். ஒருவர் நின்று, கவை நுனி கொண்ட நீளக் கழியால் படகைத் தள்ளுவார். துடுப்பு போட்டால் தாள் சேதமாகும். மற்றவர் உட்கார்ந்தபடி ஒரு கையிலிருக்கும் சிடார் குச்சியால் தாள்களைப் படகுக்குள் வளைத்து, இன்னொரு குச்சியால் மேலோட்டமாகத் தட்டுவார். ஓங்கி அடிக்கக் கூடாது. பழுத்த மணி மட்டும் உதிர வேண்டும், மற்றவை தாளிலேயே நின்று இன்னும் சில நாளில் பழுக்க வேண்டும். உதிர்வதில் ஒரு பங்கு தண்ணீருக்குள் விழும், அடுத்த ஆண்டு விளைச்சல் அதுதான். இன்றைக்கும் மினசோட்டா மாநில விதிப்படி குச்சி 30 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, எடை ஒரு பவுண்டுக்குள் இருக்க வேண்டும். மனோமினோடு சேர்ந்து புழுவும் படகில் விழும், கடிக்கும். சுணை கண்ணிலும் தொண்டையிலும் போய்க் குத்தும்.

கரைக்கு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். காயவைத்து, சாய்த்து வைத்த இரும்புக் கொப்பரையில் விறகுத் தீயில் வறுக்க வேண்டும். கை ஓயாமல் கிளற வேண்டும், விட்டால் கருகிவிடும். வறுபட்டு உமி நொறுங்கும் பதம் வந்ததும், மண்ணில் தோண்டிப் பலகையோ தோலோ பதித்த சின்னக் குழியில் கொட்டி, சுத்தமான மொக்கசின் என்ற மென்தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு மிதிப்பார்கள். முழு எடையும் இறங்கினால் மணி உடையும் என்பதால் இரண்டு பக்கமும் கட்டிய கம்புகளைப் பிடித்துக்கொண்டு லேசாக, ஆட்டம் போல மிதிப்பார்கள். பிறகு பிர்ச் பட்டைத் தட்டில் புடைப்பது. நம் வீட்டு முறத்தைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு அந்தத் தட்டு புதிதாக இருக்காது.

இணையக் கடைகளில் பளபளவென்று கறுப்பாக வரும் ‘வைல்ட் ரைஸ்’ பாக்கெட்டைக் காட்டி, ‘ஓஜிப்வேக்களின் பாரம்பரிய உணவு இதோ’ என்று வீடியோ போடுவது அடுத்த தவறு. அதில் பெரும்பகுதி வயலில் தண்ணீர் கட்டி, இயந்திரம் கொண்டு அறுத்தது. கலிஃபோர்னியாவில் பெருமளவு விளைகிறது. வேக முக்கால் மணி நேரமோ அதற்கும் மேலோ ஆகும். ஏரியில் கையால் தட்டி விறகில் வறுத்தது பழுப்பும் சாம்பலுமாக நிறம் கலந்து இருக்கும், அரை மணிக்குள் வெந்துவிடும். மினசோட்டாவில் விற்கும்போது வயலில் விளைந்ததென்றால் அப்படியே உறையில் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாங்குகிறவர்கள் அந்த வரியைத் தேடிப் பார்க்கலாம்.

மனோமின் ஏரியில் தானாக என்றென்றைக்கும் விளையும் என்று எழுதுவதும் பிழை. ஜூன் மாதம் இலை தண்ணீர்மேல் மிதக்கும் பருவத்தில் மட்டம் திடீரென்று உயர்ந்தால் செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். விஸ்கான்சினில் 1923இல் கட்டிய அணை, லாக் கூர்ட் ஓரேய் ஓஜிப்வேக்களின் ஒரு கிராமத்தையும் அதன் மனோமின் படுகைகளையும் மூழ்கடித்தது. தண்ணீரில் சல்ஃபேட் ஏறினாலும் இந்தப் பயிர் தாங்காது. அதனால்தான் மினசோட்டாவில் மனோமின் விளையும் நீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பு 1973 முதல் இருக்கிறது. சுரங்கங்களிலிருந்து சல்ஃபேட் வெளியேறும் என்பதால் சுரங்கத் திட்டம் எது வந்தாலும் அந்த எண்ணைச் சுற்றித்தான் சண்டை. 2018இல் மினசோட்டாவின் ஒயிட் எர்த் ஓஜிப்வேக்கள் மனோமினுக்கே சட்டப்படி உரிமை உண்டு என்று தங்கள் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள்.

‘நாடோடிகள்’ என்று எழுதாதீர்கள்

கால்போன போக்கில் அலைந்தவர்கள் இல்லை அவர்கள். பருவத்துக்கு ஓர் இடம், அந்த இடத்தில் எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பகுதி என்பது முன்பே தெரியும். மார்ச், ஏப்ரலில் மேப்பிள் தோப்பு, பிறகு மீன் பிடிக்கும் துறை, கோடையில் தோட்டமும் பெர்ரியும், செப்டம்பரில் மனோமின், பனிக்காலத்தில் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து வேட்டை.

மேப்பிள் என்றதும் பான்கேக் மேல் ஊற்றும் சிரப்பை எழுதிவிடுகிறோம். அவர்கள் பெரும்பாலும் பாகு நிலையைத் தாண்டிக் காய்ச்சிச் சர்க்கரையாக்கினார்கள். பாகு புளிக்கும், சர்க்கரை பட்டைப் பெட்டியில் ஆண்டு முழுக்க நிற்கும். சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. அதற்கு மேலும் காய்ச்சினால்தான் சர்க்கரை. உப்புக்குப் பதிலாகவும் அதைத்தான் இறைச்சிக்கும் மீனுக்கும் போட்டார்கள்.

கதைகளுக்கும் பருவம் உண்டு. நானபோஜோ என்ற உருவம் மாறும் நாயகனின் புனிதக் கதைகளைத் தரையில் பனி கிடக்கும் காலத்தில் மட்டும் சொல்வது மரபு. ஜூலை மாதம் குழந்தைகள் முகாமில் ‘ஓஜிப்வே கதை நேரம்’ நடத்துகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கதை என்றதும் ஹயவதா வந்து நிற்பார். 1855இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ எழுதிய ‘ஹயவதாவின் பாடல்’ என்ற நீள்கவிதையை ஓஜிப்வே இதிகாசம் என்று அறிமுகப்படுத்துவது பெரிய பிழை. ஹயவதா ஹௌடனோசௌனி, அதாவது இரோக்வா மக்களின் மரபில் வருபவர். லாங்ஃபெல்லோ அந்தப் பெயரை எடுத்து நானபோஜோ கதைகளோடு ஒட்டினார். சந்தத்தைப் பின்லாந்தின் இதிகாசமான கலேவலாவிலிருந்து எடுத்தார். கதைகள் அவருக்குக் கிடைத்தது ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அரசு அதிகாரியின் தொகுப்பிலிருந்து. ஸ்கூல்கிராஃப்டுக்கு ஓஜிப்வே உலகத்தின் கதவைத் திறந்தவர்கள் அவருடைய மனைவி ஜேன் ஜான்ஸ்டனும் ஜேனின் பிறந்த வீட்டாரும். ஜேன் 1800இல் சூ செயின்ட் மரியில் பிறந்தவர், தாய்வழியில் ஓஜிப்வே. ஓஜிப்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதியவர். லாங்ஃபெல்லோவைப் பற்றி எழுதும் இடத்தில் பாதியை ஜேனுக்குக் கொடுத்தால் கட்டுரை உருப்படும்.

கனவு வலையும் புனிதப் பொருள்களும்

கார் கண்ணாடியில் தொங்கும் கனவு வலையை (ட்ரீம் கேட்சர்) ‘எல்லாச் செவ்விந்தியரின் பாரம்பரியம்’ என்பார்கள். அதன் வேர் பெரும்பாலும் ஓஜிப்வேக்களிடம் இருக்கிறது, மற்ற மக்களிடம் பரவியது 1960, 70களில். பிரான்செஸ் டென்ஸ்மோர் என்ற ஆய்வாளர் 1929இல் பதிவு செய்தது மூன்றரை அங்குல அகலமுள்ள சின்ன மர வளையம். பழைய காலத்தில் காஞ்சொறி நாரில், பிறகு சிவப்புச் சாயமிட்ட நூலில் சிலந்தி வலை போலப் பின்னி, குழந்தையின் தொட்டில் பலகை வளைவில் இரண்டாகத் தொங்கவிடுவார்கள். காற்றில் வரும் தீங்கைப் பிடிக்கும் என்றுதான் டென்ஸ்மோரின் பதிவில் இருக்கிறது. கெட்ட கனவு சிக்கும், நல்ல கனவு இறகு வழியாக இறங்கும் என்ற விளக்கத்தைக் கடைக்காரர் சொல்வதை நம்பி எழுதிவிடாதீர்கள்.

மிடேவிவின் என்ற மருத்துவ, ஆன்மிகச் சபையின் சடங்குகள், பிர்ச் பட்டைச் சுருள்களில் உள்ள குறிகள் ஆகியவை எல்லோருக்கும் விளக்குவதற்கானவை இல்லை. பழைய நூல்களில் படம் கிடைக்கிறது என்பதற்காக எடுத்து டி-ஷர்ட்டில் போடுவது அநாகரிகம். புகையிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே அது முதலில் காணிக்கை. மனோமின் தட்டப் போகுமுன், மரப்பட்டை உரிக்குமுன் கொஞ்சம் வைப்பார்கள். பெரியவரிடம் அறிவுரை கேட்கப் போனாலும் கொடுப்பார்கள்.

‘வாழ்ந்தார்கள்’ என்ற இறந்தகாலம்

இந்தக் கட்டுரையிலும் பல இடத்தில் இறந்தகாலம் வந்திருக்கிறது, பழைய முறையைச் சொல்லும்போது வராமல் இருக்காது. ஆனால் மொத்தக் கட்டுரையும் அப்படியே போனால் அந்த மக்கள் இப்போது இல்லை என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகள் மொழியைப் பறித்ததும் உண்மை, இன்று குழந்தைகளுக்கு ஓஜிப்வே வழியில் பாடம் நடத்தும் பள்ளிகள் இருப்பதும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

உரிமை விஷயத்தில் இதைவிடப் பெரிய குழப்பம். ‘அரசு அவர்களுக்கு மீன்பிடிச் சலுகை கொடுத்திருக்கிறது’ என்பது நம்மூர் இடஒதுக்கீட்டு விவாதத்தின் சாயலில் எழுதப்படும் வரி. அமெரிக்க அரசோடு செய்த 1837, 1842 ஒப்பந்தங்களில் ஓஜிப்வேக்கள் நிலத்தைக் கொடுத்தார்கள், அந்த நிலத்தில் வேட்டையாட, மீன் பிடிக்க, மனோமின் சேகரிக்கத் தங்களுக்கு இருந்த உரிமையைக் கொடுக்கவில்லை. தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விஸ்கான்சினில் அதை உறுதிசெய்தது. அடுத்த சில ஆண்டுகள் வசந்தகாலத்தில் ஈட்டியோடு ‘வால்ஐ’ என்ற ஏரி மீனைப் பிடிக்க வந்த ஓஜிப்வேக்களைப் படகுத்துறையில் கூட்டம் கூடிக் கல்லெறிந்து, வசைபாடித் தடுக்கப் பார்த்தார்கள். 1999இல் மினசோட்டாவின் மில் லாக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 5-4 என்று ஓஜிப்வேக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மினியாப்பொலிஸ், டொரன்டோ பக்கம் இருக்கும் தமிழர்கள் பழங்குடி மக்கள் கூடி ஆடிப் பாடும் பவ்வாவ் விழாக்களுக்குப் போகும் வாய்ப்பு உண்டு. ஆடுகிறவர்கள் அணிந்திருப்பதை ‘வேஷம்’, ‘காஸ்ட்யூம்’ என்று சொல்லாதீர்கள். தொட்டுப் பார்க்காதீர்கள். உலோகக் கூம்புகள் சலசலக்கும் ஜிங்கிள் உடை, முதல் உலகப்போர் முடிவில் வந்த ஃப்ளூ கொள்ளைநோய்க் காலத்தில் நோய் தீர வேண்டி ஓஜிப்வேக்களிடையே பிறந்தது. பழைய உடைகளில் அந்தக் கூம்புகள் மூக்குப்பொடி டப்பா மூடிகளைச் சுருட்டிச் செய்தவை. படம் எடுக்கும் முன் ஆடுகிறவரிடம் கேளுங்கள். விழா நடத்துகிறவர் ஒலிபெருக்கியில் ‘இந்தப் பாட்டுக்குக் கேமரா வேண்டாம்’ என்றால் ஃபோனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஆடும் இடத்தில் கழுகு இறகு விழுந்து கிடந்தால் உதவி செய்வதாக நினைத்து ஓடிப் போய் எடுக்காதீர்கள். அதை எடுக்கத் தனி முறை இருக்கிறது, அதற்கு உரியவர்கள் வந்து எடுப்பார்கள். அதுவரை ஆட்டம் நின்றிருக்கும்.