பழைய இசைத்தட்டு வாங்கும் முன் கைபேசி விளக்கு
பழைய பொருள் கடையில் இசைத்தட்டு கண்ணில் பட்டால், உறையிலிருந்து முழுவதும் வெளியே எடுத்து, கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் கீறல்கள் சாய்ந்த ஒளியில் பளிச்சிடும். கீறலை நகநுனியால் மெல்லத் தடவுங்கள். நகத்தில் தட்டுப்பட்டால் அது ஊசி ஓடும் வரிப்பள்ளத்தின் சுவரையே அறுத்திருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும். தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் ஒலியைக் கெடுப்பதில்லை. தூசியும் கைரேகையும் பொருட்டே அல்ல, கழுவினால் போய்விடும் (அழுக்கைப் பார்த்து மற்றவர்கள் ஒதுக்கியதால்தானே விலை குறைவு!).

தேய்ந்த ஊசியில் பலகாலம் ஓடிய தட்டுக்கு இந்தச் சோதனை உதவாது. கீறலே இல்லாமல் பளபளத்தாலும் உரத்த இடங்களில் கரகரக்கும். ஓடவிட்டுக் கேட்டால்தான் தெரியும்.