பிரபஞ்சத்தின் தோற்றமும் குவாண்டமும்: பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களை விஞ்ஞானப் பேச்சுக்குத் தயார்ப்படுத்துகிறேன். பிரபஞ்சம் குவாண்டத்திலிருந்து, அதாவது அணுவிலும் சிறிய அளவில் நடக்கும் இயற்பியலிலிருந்து, வந்ததா என்ற தலைப்பைப் பிள்ளைகள் ஆசையாக எடுக்கிறார்கள். ஆனால் தடுக்கி விழும் இடங்கள் மாறுவதே இல்லை. பெருவெடிப்பைப் பட்டாசு போல விவரிப்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன். எந்தப் புத்தகமும் அதைத் திருத்திவிடும்.

இரண்டு கேள்விகளை ஒன்றாக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். விண்மீன் மண்டலங்களின் விதை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. பிரபஞ்சமே எங்கிருந்து வந்தது என்பது வேறு.

முதலாவதுக்கு வலுவான விடை உண்டு. ஆரம்ப நொடியின் மிகச் சிறிய பங்கில் பிரபஞ்சம் அதிவேகமாக வீங்கியது, அப்போது குவாண்டம் அலைவுகள் (வெற்றிடத்திலும் ஓயாத நுண்ணிய ஏற்ற இறக்கங்கள்) இழுபட்டுப் பெரிதாகின என்று 1980களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டார்கள். 1992இல் கோப் செய்மதி, பெருவெடிப்பின் மிச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் ஒளியான நுண்ணலைப் பின்னணியில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப ஏற்றத்தாழ்வு இருப்பதைக் காட்டியது. பின்னர் பிளாங்க் செய்மதி நுட்பமாக அளந்த கோலமும் அந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

இரண்டாவதுக்கு இருப்பவை முன்மொழிவுகள். பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தி பூச்சியமாக இருக்கலாம், ஆகவே அது வெற்றிடத்தின் ஓர் அலைவாக இருக்கலாம் என்று 1973இல் இயற்பியலாளர் எட்வர்ட் டிரையன் எழுதினார். 1982இல் விலென்கின், 1983இல் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் என்ற இயற்பியலாளர்கள் வேறு வழிகளைக் காட்டினார்கள். அழகான சிந்தனைகள்தான். ஆனால் ஈர்ப்புக்கு உறுதிப்பட்ட குவாண்டம் கோட்பாடு இல்லாத வரை, அவற்றை உரசிப் பார்க்க வழி கிடைக்கவில்லை.

ஒரு மாணவி மேடையில் பிளாங்க் படத்தைக் காட்டி, "பிரபஞ்சம் குவாண்டத்தில் பிறந்ததற்கு இதோ ஆதாரம்" என்றாள். சபையிலிருந்த பெரியவர் ஒருவர், "பிள்ளை, அது எந்தக் காலத்துப் படம்?" என்று கேட்டார். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 380,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி அது. அந்த விடை வந்த பிறகு, அவள் சரியாகச் சொன்ன விதைக் கதையையும் யாரும் நம்பவில்லை. எவ்வளவு நல்ல பேச்சு! அளந்ததை அளந்தது என்றும், முன்மொழிவை முன்மொழிவு என்றும் தனித்தனியே சொல்லியிருந்தால் போதும்.

வெற்றிடத்தைச் சூனியம் என்பது

டிரையனின் வெற்றிடத்தில் வெளி உண்டு, புலங்கள் உண்டு, விதிகள் உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பார்கள். விலென்கின் வெளியையும் கழித்துவிடுகிறார். ஆனால் விதிகள் மிஞ்சுகின்றன.

கடவுளை இழுப்பது

கோணேசர் மலை இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

"பார்ப்பவர் இருந்தால்தான் பிரபஞ்சம்"

குவாண்டத்தில் "அளத்தல்" என்று வருவதைக் கேட்டதும் இப்படிச் சொல்ல ஆசை வரும். வேண்டாம்.

"அதற்கு முன்பு என்ன?"

ஹார்ட்டில், ஹாக்கிங் மாதிரியில் காலத்துக்கு ஓர் ஆரம்ப விளிம்பே இல்லை. அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை. சுருங்கி மீண்டும் விரியும் மாதிரிகளில் "முன்பு" உண்டு. எந்த மாதிரியில் நின்று பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அப்புறம் பதில் சொல்லுங்கள்.