புதுப் படம் எப்படி இருக்கிறது என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது எப்படி?

திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் "படம் எப்படி?" என்று கேட்பவருக்கு, டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும் ஒரு தகவல் தேவைப்படுகிறது. "செம", "சுமார்", "மொக்கை", "ஒரு தடவை பார்க்கலாம்" என்ற வழக்கமான விடைகளால் சொன்னவரின் மனநிலை தெரிகிறதே தவிர, கேட்டவர் முடிவெடுக்க அவற்றில் ஒன்றுமில்லை. பத்திரிகையில் எழுதும் விமர்சகருக்குத் தம் வாசகர் யாரென்று தெரியாது. நமக்கோ கேட்பவர் எந்த மாதிரிப் படத்தில் கொட்டாவி விடுவார், எதற்குக் கண் கலங்குவார் என்பதெல்லாம் ஓரளவு தெரியும். ஆகவே கருத்துச் சொல்வதில் விமர்சகரைவிட நமக்கு வசதி அதிகம், அந்த வசதியைப் பெரும்பாலோர் வீணாக்குகிறோம்.

முதலில், படம் முடிந்த கையோடு கருத்துச் சொல்வதைக் கூடுமானவரை தள்ளிப்போட வேண்டும். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிக்குப் பிறகு, நீர் 15 பாகையை நோக்கி மெல்ல வெதுவெதுப்பாகும்போது மேலும் 30 விநாடி கையை எடுக்காமல் இருந்தார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது, வேதனை நீண்ட இரண்டாவதையே பெரும்பான்மையோர் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் வைத்தே மனம் அதற்கு மதிப்பிடுகிறது, அதன் நீளத்தை அவ்வளவாகக் கணக்கில் கொள்வதில்லை என்பது இதிலிருந்து வந்த விளக்கம். இரண்டாம் பாதி முழுவதும் இழுத்தடித்த படம், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அசத்திவிட்டால் "பிரமாதம்" ஆகிவிடுவதற்கும், நல்ல படமொன்று தடுமாறிய கிளைமாக்ஸால் "ஏமாற்றம்" ஆகிவிடுவதற்கும் இது பெரிதும் காரணம். ஓர் இரவு கழித்து, படத்தின் நடுப்பகுதியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மூன்று காட்சிகளாவது வரிசையாக நினைவுக்கு வராவிட்டால், முந்தைய நாள் பாராட்டில் பாதி அந்த முடிவுக்கு மட்டுமே சேர வேண்டியது.

முதல் நாள் முதல் காட்சியில் பார்த்தவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1979 முதல் இயங்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் வெளியாகும் நாளில் பார்த்தவர்களிடமே கருத்துக் கேட்டுத் தரம் வழங்குகிறது. அன்றைக்கு வருபவர்கள் அந்தப் படத்தை விரும்பிக் காத்திருந்தவர்கள் என்பதால், அந்தத் தரங்கள் சற்றுத் தாராளமாகவே இருப்பது இயல்பு. அரங்கமே ஆர்ப்பரிக்கும்போது நமக்கு வரும் சிரிப்பு எவ்வளவு, பக்கத்து இருக்கையிலிருந்து தொற்றியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்கவும் வேண்டாம். "கூட்டத்தோடு பார்த்தேன், அதனால் கூடுதலாக ரசித்தேன்" என்று ஒரு வரி சேர்த்தால், பத்து நாள் கழித்துக் காலி அரங்கில் பார்க்கப் போகிறவர் அதற்கேற்ப எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வார்.

அரங்கின் குறையைப் படத்தின் தலையில் கட்டாதிருப்பது இதைவிடக் கடினம். திரையின் வெளிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்ற தர அளவு ஒன்று உண்டு. விளக்கு தேய்ந்த புரொஜெக்டர் அதை எட்டாது. முப்பரிமாணக் காட்சியில் கண்ணாடி வழியாகக் கண்ணை அடையும் வெளிச்சம் அதைவிடவும் வெகுவாகக் குறைந்துவிடும். "ஒளிப்பதிவு ஒரே இருட்டு" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், அதே திரையில் ஓடிய முன்னோட்டங்களும் மங்கலாக இருந்தனவா என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒலியில் இது தலைகீழாகவும் நடக்கும். 2014இல் வெளியான இன்டர்ஸ்டெல்லர் படத்தில் சில இடங்களில் இசைக்கு அடியில் வசனம் புதைந்துபோனபோது, ஒலிபெருக்கியில்தான் கோளாறு என்று ரசிகர்கள் பலர் நினைத்தார்கள். தாம் வேண்டுமென்றேதான் அப்படி ஒலிக்கலவை செய்ததாக இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் பின்னர் விளக்கினார். எது யாருடைய பிழை என்று தெரியாதபோது, "நான் பார்த்த அரங்கில் வசனம் தெளிவாகக் கேட்கவில்லை" என்று மட்டும் சொல்வதே நேர்மையானது.

இனி, என்ன சொல்வது என்ற பகுதி. படம் எதைச் செய்ய முயல்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பயமுறுத்த வந்த படத்தை அது சிரிக்க வைக்கவில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை. அதேபோல், விளம்பர முன்னோட்டம் அதிரடியாக இருந்ததே, படம் ஏன் மெதுவாகப் போகிறது என்று கோபப்படுவதும் பெரும்பாலும் தவறான முகவரிக்கு அனுப்பும் புகார். பல படங்களின் முன்னோட்டத்தை இயக்குநர் அல்லாத வேறொரு விளம்பரக் குழுவே வெட்டித் தொகுக்கிறது.

அடுத்து, பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் ஒரு காட்சியைக் காரணமாகக் காட்ட வேண்டும். "நடிப்பு அருமை" என்பதைவிட, "மருத்துவமனை வராந்தாவில் பேசாமல் நிற்கும் அந்த இடத்தில் நடிப்பு அருமை" என்பது கேட்பவருக்குப் பல மடங்கு பயன்படும். ஆனால் பாராட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், இவான் மோசுகின் என்ற நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு குழந்தை, சாய்ந்திருக்கும் ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துயரம், ஆசை ஆகியவற்றை நடிகர் நுட்பமாக வெளிப்படுத்தியதாக வியந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த வராந்தாக் காட்சியின் பெருமையிலும் படத்தொகுப்பாளருக்குப் பங்கு இருக்கக்கூடும். பழியும் இப்படித்தான் இடம் மாறுகிறது. படம் இழுத்தால் உடனே "எடிட்டிங் சரியில்லை" என்கிறோம். இரண்டு மணி நேரக் கதைக்கு வேண்டிய சிக்கல் திரைக்கதையிலேயே இல்லையென்றால், படத்தொகுப்பாளரால் நீளத்தைக் குறைக்க முடியுமே தவிர அலுப்பைப் போக்க முடியாது. காரணகர்த்தாவை உறுதியாகச் சொல்ல முடியாதபோது, "எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது.

கதையை எவ்வளவு சொல்லலாம்? 1960இல் சைக்கோ வெளியானபோது, படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்தார், முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகர்களையும் கேட்டுக்கொண்டார். இதற்கு எதிராக, முடிவு முன்பே தெரிந்த சிறுகதைகளை வாசகர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் தெரிவித்தது. அதைக் காட்டிக் கதையைப் போட்டு உடைக்க நமக்கு உரிமை வந்துவிடாது, தெரிந்துகொண்டு பார்ப்பதா வேண்டாமா என்பது பார்க்கப் போகிறவரின் விருப்பம். முதல் அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் செய்திகளோடு நிற்பது பொதுவாகப் பாதுகாப்பு. ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, சொல்ல மாட்டேன்" என்பதே முக்கால்வாசி சொன்னதற்குச் சமம். அதைக் கேட்டவர் படம் முழுக்க ஒவ்வொருவரையும் சந்தேகித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தைப் பலரும் மதிப்பெண்ணாகவே படிக்கிறார்கள். அது எத்தனை விமர்சகர்கள் படத்தைச் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு மட்டுமே. எல்லோரும் "பரவாயில்லை" என்ற படம் அதில் நூறு வாங்கிவிடலாம். பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் வெறுத்த படம் ஐம்பதில் நிற்கும். கேட்பவருக்கு அந்த இரண்டாவது வகைதான் வாழ்நாளில் மறக்க முடியாத படமாக அமையக்கூடும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பதில் ஏறக்குறைய இப்படி வரும்: "அண்ணன் தம்பிக்கு இடையிலான சொத்துத் தகராறை நிதானமாகச் சொல்லும் படம். சண்டைக் காட்சிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தம்பி வீட்டுச் சாவியைத் திருப்பித் தரும் காட்சிக்காகவே பார்க்கலாம். இடைவேளைக்குப் பின் வரும் நீதிமன்றப் பகுதி எனக்கு நீளமாகப்பட்டது. உங்களுக்குப் பேச்சு அதிகமுள்ள படங்கள் பிடிக்கும் என்பதால் உங்களுக்கு அப்படித் தோன்றாமலும் போகலாம்." இதில் தீர்ப்பு எதுவுமில்லை, ஆனாலும் கேட்டவர் அன்றைக்கே முடிவெடுத்துவிடலாம்.

குழந்தைகளையோ முதியவர்களையோ அழைத்துக்கொண்டு போகிறவர் என்றால் இரசனைக்கு முன்பாக வேறு சில தகவல்களைச் சொல்லுங்கள்: எவ்வளவு நேரம் ஓடுகிறது, இரத்தமும் வன்முறையும் எந்த அளவு, ஒலி காதைப் பிளக்கிறதா. பளிச்பளிச்சென்று விளக்கு வெட்டும் காட்சிகள் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அவை வலிப்பைத் தூண்டக்கூடும். பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பிறகும் ஒரு காட்சி வருகிறதா என்பதையும் சொல்லிவிட்டால், அவர்கள் காத்திருப்பதா கிளம்புவதா என்று குழம்ப வேண்டியிருக்காது.