பழைய காமிக்ஸ் கட்டிலிருந்து ஒரு பதிப்பகத்தின் கதையை எடுப்பது எப்படி

பரணில் முத்து, லயன் காமிக்ஸ் கட்டு ஏதாவது கிடந்தால் இறக்கி வையுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வாரம் அதோடு உட்கார்ந்தால், சிவகாசியில் ஒரு குடும்பம் ஐம்பது வருடத்துக்கு மேல் நடத்திவரும் பதிப்பகத்தின் கதையில் பெரும்பகுதியை அதிலிருந்தே எடுத்துவிடலாம்.

புரட்டும்போது நிதானம் வேண்டும். இதழைக் கோத்த கம்பிப் பின் துருப்பிடித்து நடுத்தாள் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். நகத்தால் பின்னை நிமிர்த்தி மெதுவாக உருவுங்கள். செலோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். சின்ன வயதில் நான் ஒட்டிய இதழ்களில் இன்று பழுப்புக் கோடுதான் இருக்கிறது, அடியில் இருந்த வசனம் போய்விட்டது.

அப்புறம் ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள்: இதழ் எண், மாதம், வருடம், விலை, கதை, நாயகன். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது முத்து, ஆரம்பித்தவர் சௌந்திரபாண்டியன். 1984 ஜூலையில் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு வந்தது லயன், அது அவர் மகன் விஜயனுடையது. இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட்டால், தேதி கிழிந்துபோன இதழைக்கூட எண்ணையும் விலையையும் பார்த்து ஏறக்குறைய அதன் இடத்தில் வைத்துவிடலாம். வழுக்கும் இடம் மறுபதிப்பு. காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரில் பழைய கதைகளையே திரும்பப் போட்டார்கள், அதனால் கதைத் தலைப்பை மட்டும் நம்பி வருடம் எழுதாதீர்கள்.

நாயகன் கட்டம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள், டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர்களின் படைப்பு, 'இரத்தப் படலம்' தொடர் பெல்ஜியத்துக்காரர்களுடையது. பெயருக்குப் பக்கத்தில் நாட்டையும் எழுதிக்கொண்டே வந்தால், கதைகளுக்காக இவர்கள் எப்போது எந்தத் திசையில் போனார்கள் என்பது தானாகத் தெரிய ஆரம்பிக்கும். பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, கதையை விட்டுவிட்டு ஹாட்லைனுக்கு வாருங்கள். விஜயன் வாசகரிடம் நேராகப் பேசும் பக்கம் அது. 'சிங்கத்தின் சிறுவயதில்' தொடரில் ஆரம்ப நாட்களை அவரே எழுதியிருக்கிறார், கண்ணில் பட்டால் விடாதீர்கள். 'விரைவில் வருகிறது' விளம்பரங்களைத் தனியாகக் குறித்து, சொன்ன கதை வந்ததா, எத்தனை மாதம் கழித்து வந்தது என்று ஒப்பிடுங்கள், ஆசைக்குக் கைக்காசும் நேரமும் எங்கே ஈடுகொடுக்கவில்லை என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும்.

2012 தொடக்கத்தில் லயனின் மறுவருகை இதழான கம்பேக் ஸ்பெஷல் வந்தது. அதற்கு முந்தைய சில வருடங்களையும் பிந்தைய சில வருடங்களையும் நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதுங்கள்: எத்தனை இதழ், என்ன தாள், வண்ணமா கறுப்பு வெள்ளையா, என்ன விலை.

விடுபட்ட எண்களுக்கு ஈரோடு, சென்னை புத்தகத் திருவிழாக்களில் காமிக்ஸ் ஸ்டால் முன் நிற்கும் மூத்த வாசகர்களைக் கேளுங்கள். இதழைக் கேட்டு வாங்க வேண்டாம். அட்டை, முதல் பக்கம், ஹாட்லைன் மூன்றையும் அவர்கள் போனில் படம் எடுத்து அனுப்பினாலே உங்கள் கட்டம் நிரம்பிவிடும்.